கையொப்பம் சரி, ஆள் யார்?

2024 பெப்ரவரியில் கூகுள் ஒரு நிபந்தனை போட்டது. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோர் டிகேஐஎம் என்ற மின்னணுக் கையொப்பம் இட்டே ஆக வேண்டும். யாகூவும் மொத்தமாக மடல் அனுப்புவோருக்கு அதே காலத்தில் இதே விதியைக் கொண்டுவந்தது. போலி மடலின் காலம் முடிந்தது என்று பேசுவோர் அதன்பின் பெருகிவிட்டார்கள். இது அவசரக் கொண்டாட்டம்.

இந்த முறையின் நன்மையை மறுப்பதற்கில்லை. யாகூவின் டொமைன்கீஸும் சிஸ்கோவின் திட்டமும் சேர்ந்து 2007இல் பிறந்த ஏற்பாடு இது. அனுப்பும் சேர்வர் இரகசியச் சாவியால் ஒப்பமிடும். பெறும் சேர்வர், இணையத்தின் முகவரி ஏடான டிஎன்எஸ்ஸில் அந்த டொமைனின் பதிவிலுள்ள பொதுச் சாவியால் சரிபார்க்கும். ஒப்பமிட்ட வாசகத்தை வழியில் எவரும் திருத்தினால் பிடிபடும்.

ஆனால் சரிபார்க்கப்படுவது டொமைன் மட்டுமே. மஸ்கெலியா தபாலக முத்திரை கடிதம் எங்கே தபாலில் சேர்க்கப்பட்டது என்று சொல்லும். எழுதியவர் நல்லவரா என்று சொல்லாது. மோசடிக்காரர் சில டொலருக்கு ஒரு டொமைன் வாங்கி, முறைப்படி சாவி பதிந்து, குறையில்லாத கையொப்பத்தோடு ஏமாற்றலாம். கைபேசித் திரையில் பெரிதாகத் தெரிவதோ அவரே வைத்துக்கொண்ட பெயர்.

சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவத்தில் நிரம்பும், மலையடிவார நல்லதண்ணி விடுதிகளை நடத்துவோருக்கு இது ஏட்டுச் சங்கதி அல்ல. 2024 டிசம்பரில் தொடங்கி, புக்கிங்.கொம் பெயரில் விடுதித் துறையினரைக் குறிவைத்த மோசடி மடல்களைப் பற்றி மைக்ரோசொஃப்ட் 2025 மார்ச்சில் எச்சரித்தது. தெற்காசியாவும் அதன் இலக்கில் இருந்தது. விருந்தினர் முறைப்பாடு, கணக்குச் சரிபார்ப்பு என்ற சாக்கில் வந்த மடல்கள் ஒரு போலிப் பக்கத்துக்கு அழைத்துச் சென்று, கணினியில் ஒரு கட்டளையை ஒட்டி இயக்கச் சொல்லின. சீசன் நெருக்கடியில் பதில் எழுதும் விடுதிக்காரர் மடலின் தலைப்பகுதியைப் பிரித்துக் கையொப்பம் பார்ப்பாரா?

பார்த்தாலும் பயனில்லாத நேரமும் உண்டு. 2025 ஏப்ரலில் மோசடிக்காரர்கள் தங்கள் வாசகத்தைக் கூகுளின் எச்சரிக்கை மடலுக்குள்ளேயே புகுத்தி, கூகுளே ஒப்பமிட்ட அந்த மடலை அப்படியே பிறருக்குத் திருப்பி அனுப்பினார்கள். டிகேஐஎம் சோதனையில் அது தேறியது. கையொப்பம் அசல், மடல் பொறி.

டொமைனாவது உறுதியானதா? 2021 பெப்ரவரி 6 அன்று இலங்கையின் எல்கே டொமைன் பதிவகம் தாக்கப்பட்டு, கூகுள்.எல்கே உட்படச் சில முகவரிகள் வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டன. அந்தப் பக்கம் பேசிய விடயங்களுள் ஒன்று தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நிலை. அன்று திசைமாறியவை இணையத்தளங்கள்தான். ஆனால் கையொப்பத்தின் பொதுச் சாவியைத் தேடிப் போவதும் அதே டிஎன்எஸ் வழியாகத்தான். பதிவகம் ஒருவர் கைக்குப் போனால், கையொப்பத்தின் நம்பகமும் அவர் கைக்குப் போகும்.

டிகேஐஎம்மை உருவாக்கிய பொறியியலாளர்கள் பெரிதாக வாக்களிக்கவில்லை. டொமைன் இந்த மடலுக்குப் பொறுப்பேற்கிறது என்பதற்கு மேல், அனுப்பியவரைப் பற்றி அவர்களுடைய ஆவணம் எதையும் உறுதி சொல்லவில்லை. கையொப்பத்தை ஆளடையாளமாக விற்பவர்கள்தான் குற்றவாளிகள். மடல் நிறுவனங்கள் முதலில் அனுப்பியவரின் பெயருக்குப் பக்கத்தில், அதே பருமனில், டொமைனையும் காட்டட்டும். அதுவரை விடுதிக்காரர்கள் மடலிலுள்ள இணைப்பை அழுத்தாமல், தங்கள் கணக்கின் முகவரியைத் தாங்களே தட்டச்சு செய்து உள்ளே போக வேண்டும்.