குருதியும் உரிமையும்

யூதர் யாவர் என்னும் வினாவை ஆராயப் புகுந்த நூல்களுள் இரண்டு பெரும் பூசலை விளைத்தன. ஒன்று, ஆர்தர் கோஸ்லர் 1976இல் வெளியிட்ட ‘பதின்மூன்றாங் குலம்’. மற்றையது, ரெல் அவீவ் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த ஷ்லோமோ சாண்ட் 2008இல் எபிரேயத்தில் எழுதிய ‘யூத மக்களினம் எப்போது, எவ்வாறு புனையப்பட்டது?’ என்பது.

கிழக்கு ஐரோப்பிய யூதருட் பெரும்பாலார் பண்டை யூதேயாவினின்றும் வந்தவரல்லர். வொல்கா ஆற்றுப் புறத்தே அரசு செலுத்தி யூத சமயந் தழுவிய கசார் குடியினரின் வழிவந்தோரே என்பது கோஸ்லர் கொள்கை. சாண்ட் இதனினும் அப்பாற் செல்கிறார். கி.பி. 70இல் உரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்தனராயினும் மக்களை ஒருங்கே நாடு கடத்திலர். யூதர் தொகை பெருகியது மதமாற்றத்தாலேயே. ஒரே குருதியினர் என்னும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிரெற்ஸ் முதலிய வரலாற்றாசிரியர் உருவாக்கியது என்பர் அவர்.

கோஸ்லரின் சான்றுகள் மெலிந்தன. கிழக்கு ஐரோப்பிய யூதரின் இத்திய மொழி ஜெர்மானிய அடிப்படையுடையது. 2010இல் வெளிவந்த மரபணு ஆய்வுகளும் மத்திய கிழக்குத் தொடர்பையே காட்டின. சாண்டின் நாடுகடத்தல் மறுப்போ வலிதாயினும் புதிதன்று. துறைபோகிய வரலாற்றாசிரியர் முன்னரே அறிந்ததுதான்.

எனினும் இந்நூல்களின் உண்மையான குறை வேறிடத்தேயுள்ளது. இளமையிற் சீயோனியந் தழுவிப் பலஸ்தீனஞ் சென்ற கோஸ்லர், இசுரேலின் உரிமை யூதரின் தோற்றுவாயைப் பற்றியதன்று, ஐக்கிய நாடுகள் சபையின் 1947ஆம் ஆண்டுத் தீர்மானத்தைப் பற்றியது எனத் தம் நூலின் பின்னிணைப்பில் தாமே கூறிவிடுகிறார். அங்ஙனமாயின் தோற்றுவாயை மறுத்தலால் அவ்வுரிமை குன்றுமாறு எங்ஙனம்? இசுரேல் தன் குடிகள் அனைவர்க்கும் உரிய அரசாதல் வேண்டும் என்பது சாண்டின் விழைவு. நேரிய அவ்விழைவுக்குங் கசாரின் துணை வேண்டியதில்லை.

குருதிவாதம் எவர்க்கும் நிலையாகத் துணைநிற்பதன்று. பின்னாளிற் பிரதமரான பென் குரியனும் சனாதிபதியான பென் சுவியும் 1918இல் நியூயோர்க்கில் இத்திய மொழியில் வெளியிட்ட நூலிலே, பலஸ்தீன உழவர் பண்டை யூதரின் வழித்தோன்றல்களே என வாதித்தனர். 1948இல் ஏறத்தாழ ஏழு இலட்சம் பலஸ்தீனர் வீடும் நிலமும் இழந்தபோது அவ்வுறவு எவர்க்கும் நினைவுக்கு வந்திலது.

இசுரேலின் சட்டமுங் குருதியொன்றையே நம்பியதன்று. பிறப்பால் யூதர், நாசிகளிடமிருந்து யூதர் பலரைக் காத்தவர், பின்னர்க் கத்தோலிக்கத் துறவியானவர் ஒஸ்வால்ட் ரூஃபைசென். மீள்குடியேற்றச் சட்டப்படி யூதர் என்னும் உரிமையை அவர் கோரியபோது, சமய நெறிப்படி அவர் யூதரே என ஒப்பிய உயர்நீதிமன்றம், மக்கள் வழக்கில் அவ்வாறு கொள்ளப்படார் என 1962இல் அதனை மறுத்தது. ஏனையோர்க்குரிய பொது வழியாற் குடியுரிமை பெற்று, அந்நாட்டிலேயே அவர் வாழ்ந்து மறைந்தார்.