பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: முதல் ஆட்டமும் இரண்டாம் பாகமும்

பிரின்ஸ் ஆஃப் பெர்சியா (பாரசீக இளவரசன்) 1989-ல் வெளிவந்த கணினி விளையாட்டு. அமெரிக்கரான ஜோர்டன் மெக்னர் இதை உருவாக்கினார். இதன் இரண்டாம் பாகம் ‘தி ஷேடோ அண்ட் தி ஃபிளேம்’ (நிழலும் சுடரும்) என்ற பெயரில் 1993-ல் வந்தது. இரண்டையும் பிரோடர்பண்ட் நிறுவனம் வெளியிட்டது. முதல் ஆட்டம் பிளாப்பி தட்டுகளில் கைமாறித் தமிழகத்தின் சிற்றூர்க் கணினிப் பயிற்சி நிலையங்கள் வரை வந்து சேர்ந்தது. 1990-களில் கணினியை முதன்முதலாகத் தொட்டவர்களில் பலருக்கு இது முதல் விளையாட்டாக அமைந்தது. இரண்டாம் பாகம் அளவில் பெரியது, படங்களில் அழகானது, கதையில் விரிவானது. ஆனாலும் இன்று வரை பேசப்படுவது முதல் ஆட்டமே. அதற்கு இளமை நினைவு மட்டும்தான் காரணமா, ஆட்டத்தின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

உருவாக்கம்

மெக்னர் யேல் பல்கலைக்கழகத்தில் படித்தபோதே கராத்தேகா (1984) என்ற விளையாட்டை உருவாக்கி வெற்றி பெற்றவர். 1985-ல் பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவுக்கான வேலையைத் தொடங்கினார். தன் தம்பி டேவிட் ஓடுவதையும் தாவுவதையும் சுவரைப் பற்றி ஏறுவதையும் வீடியோவில் பதிவு செய்து, அந்த அசைவுகளை ஒவ்வொரு சட்டமாக வரைந்து கணினிக்குள் கொண்டுவந்தார். வாள் சண்டைக்கு 1938-ல் வந்த ‘ராபின் ஹூட்’ திரைப்படத்தின் சண்டைக் காட்சி உதவியது. இசையமைத்தவர் அவருடைய தந்தை பிரான்சிஸ் மெக்னர். நிரல் முழுவதையும் ஜோர்டன் மெக்னரே எழுதினார். நான்காண்டு உழைப்புக்குப் பின் ஆப்பிள் 2 கணினிக்காக ஆட்டம் வெளியானபோது அந்தக் கணினியின் காலமே முடிந்துகொண்டிருந்தது. தொடக்க விற்பனை மந்தமாக இருந்தது. பிற கணினிகளுக்கான வடிவங்கள் வந்த பின்னரே ஆட்டம் உலகெங்கும் பரவியது.

அதுவரை பெரும்பாலான விளையாட்டுகளில் பாத்திரங்கள் பொம்மைபோல் துள்ளின. இந்த இளவரசனுக்கு எடை இருந்தது. ஓடியவன் உடனே நிற்க முடியாமல் சறுக்கி நிற்கிறான். உயரத்திலிருந்து விழுந்தால் குந்தி உட்கார்ந்து எழுகிறான். விளிம்பைப் பற்றித் தொங்கும்போது கால்கள் ஆடுகின்றன. கல்லில் செய்த உருவம் அசைந்து சிரித்து வந்தவரை மயக்கும் என்ற கொல்லிப்பாவைக் கதையைக் கொல்லிமலை மக்கள் இன்றும் சொல்கிறார்கள். நற்றிணையும் குறுந்தொகையும் அப்பாவையைக் குறிப்பிடுகின்றன. உருவம் ஒன்று உயிர்ப்புடன் அசையும்போது மனித மனம் அதில் கட்டுண்டு நிற்பது பழைய அனுபவம். சில அங்குலம் உயரமுள்ள வெள்ளை உடை இளவரசனைக் கண்டு 1990-களின் சிறுவர்கள் வியந்ததும் அவ்வகையானதே.

முதல் ஆட்டம்

கதை மிகச் சிறியது. சுல்தான் போருக்குப் போயிருக்கிறார். அமைச்சன் ஜாஃபர் இளவரசியைச் சிறைப்பிடித்து ஒரு மணி நேரக் கெடு விதிக்கிறான். அவனை மணக்கச் சம்மதிக்க வேண்டும், இல்லையேல் சாக வேண்டும். அவள் நேசிக்கும் இளைஞன் அரண்மனையின் பாதாளச் சிறையில் கிடக்கிறான். அவன் 60 நிமிடத்துக்குள் மேலே ஏறி வந்து அவளை மீட்க வேண்டும்.

இந்த 60 நிமிடம் கதையில் வரும் கெடு. ஆடுபவரின் கைக்கடிகாரத்தில் ஓடும் உண்மையான நேரமும் அதுவே. இளவரசன் எத்தனை முறை செத்தாலும் மீண்டும் எழலாம். ஆனால் அந்தக் கட்டத்தைத் தொடக்கத்திலிருந்து ஆட வேண்டும், இழந்த நிமிடங்கள் திரும்பி வருவதில்லை. ஆகவே ஒவ்வொரு தவறுக்கும் விலை உண்டு. ஓடினால் நேரம் மிச்சமாகும், ஆனால் தரையிலிருந்து எழும் முள் குத்திவிடும். மெல்ல அடி வைத்தால் முள் ஒன்றும் செய்யாது, ஆனால் நேரம் கரையும். ஆட்டம் முழுவதும் இந்த ஒரு தராசின் மேல்தான் நிற்கிறது.

கொல்லிமலையில் வளப்பூர் நாட்டு அறப்பளீசுவரர் கோயிலருகே இருந்து ஆகாய கங்கை அருவிக்கு இறங்கியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்குகிறவர், இறங்கும் ஒவ்வொரு படியையும் திரும்பி ஏற வேண்டும் என்பதை மறக்க முடியாது. வழியின் நீளத்தை முழங்கால் கணக்கு வைத்துக்கொள்கிறது. முதல் ஆட்டமும் ஆடுபவரின் விரல்களில் அப்படி ஒரு கணக்கை ஏற்படுத்துகிறது.

நிழல்

மெக்னர் தொடக்கத்தில் எதிரிகளுடன் வாள் சண்டை இல்லாத ஆட்டமாகவே இதைத் திட்டமிட்டிருந்தார். உடனிருந்தவர்கள் எதிரி வேண்டும் என்று வற்புறுத்தினர். புதிய உருவம் சேர்க்கக் கணினியின் நினைவகத்தில் இடமில்லை. அப்போது அவர் இளவரசனின் அசைவுப் படங்களையே எடுத்து, சற்று நகர்த்தி ஒன்றின்மேல் ஒன்று ஏற்றினார். ஒளிரும் கோடுகளால் ஆன இன்னொரு இளவரசன் பிறந்தான். அவனே நிழல் மனிதன்.

பற்றாக்குறையில் பிறந்த இந்தப் பாத்திரமே ஆட்டத்தின் உயிரானது. நான்காம் கட்டத்தில் வழியை ஒரு கண்ணாடி மறிக்கிறது. ஓடிவந்து அதற்குள் பாய்வது தவிர வேறு வழியில்லை. இளவரசன் பாய்ந்ததும் மறுபுறம் அவனுடைய நிழல் பிரிந்து ஓடுகிறது. பிறகு அது அவன் குடிக்க வேண்டிய மருந்தைக் குடித்துவிடுகிறது, இன்னொரு கட்டத்தில் கதவை மூடி அவனைக் கீழே விழ வைக்கிறது. இறுதியில் பன்னிரண்டாம் கட்டத்தில் இருவரும் வாளுடன் எதிரெதிரே நிற்கிறார்கள்.

அதுவரை எதிரே வந்த காவலரையெல்லாம் வெட்டியே வென்றவர் இங்கும் வெட்டுகிறார். நிழலின் மேல் விழும் ஒவ்வொரு வெட்டும் தன் உயிரையே குறைப்பதைக் காண்கிறார். நிழலைக் கொன்றால் தானும் சாகிறார். செய்ய வேண்டியது வாளை உறையில் இடுவது. அப்போது நிழலும் வாளை உறையிலிடுகிறது. இருவரும் நெருங்கி ஒன்றாகிறார்கள். அதன் பின் வெறும் பள்ளமாகத் தெரிந்த இடத்தில் ஓடினால் காலடியில் தளம் ஒவ்வொன்றாகத் தோன்றுகிறது.

இதை விளக்க ஆட்டத்தில் ஒரு வரி வசனம்கூட இல்லை. தன்னைத் தானே வெல்வது எப்படி என்பதைப் பல நூல்கள் உபதேசமாகச் சொல்லியிருக்கின்றன. இங்கே ஆடுபவர் அதைத் தம் விரலால் செய்து கண்டுபிடிக்கிறார்.

இரண்டாம் பாகம்

முதல் ஆட்டம் முடிந்து 11 நாட்களில் இரண்டாம் பாகத்தின் கதை தொடங்குகிறது. ஜாஃபர் மந்திரத்தால் இளவரசனின் உருவத்தை எடுத்துக்கொள்கிறான். இளவரசன் அரசவையில் கந்தல் அணிந்த அந்நியனாக நிற்கிறான். காவலர்கள் துரத்த, சன்னலை உடைத்துக்கொண்டு குதித்துக் கூரைகளின் மேல் ஓடி, புறப்படும் கப்பலில் தாவி ஏறுகிறான். இந்தத் தொடக்கம் முதல் ஆட்டத்தில் உள்ள எந்தக் காட்சிக்கும் குறைந்ததல்ல. தன் முகத்தையே பகைவன் அணிந்துகொண்டான் என்பது நிழல் என்ற கருத்தின் சரியான வளர்ச்சியும்கூட.

பின்னர் கப்பல் உடைகிறது. தீவு, எலும்புக்கூடுகள் எழும் குகை, பறக்கும் கம்பளம், இடிந்த நகரம், பறவைத்தலைக் காவலர்களின் கோயில் என இடங்கள் மாறுகின்றன. இடிந்த நகரத்தில் தாயின் தோற்றம் இளவரசனின் அரச பிறப்பை உணர்த்துகிறது. கெடு இப்போது 75 நிமிடம். மெக்னர் இதில் வடிவமைப்பையும் இயக்கத்தையும் மட்டும் கவனித்தார். நிரலை நிறுவனத்தின் குழு எழுதியது.

ஒப்பீடு

இரண்டு ஆட்டங்களையும் மூன்று கோணங்களில் ஒப்பிடலாம்.

முதலாவது, கற்பிக்கும் முறை. முதல் ஆட்டம் தேர்ந்த ஆசிரியரைப் போன்றது. வாளில்லாமல் காவலன் முன் போனால் ஒரே வெட்டில் மரணம். ஆகவே முதலில் வாளைத் தேட வேண்டும் என்பது புரிகிறது. ஒரு கட்டத்தில் கற்றது அடுத்த கட்டத்தில் வேறு வடிவில் சோதிக்கப்படுகிறது. தோற்றவருக்குத் தம் தவறு எது என்று தெரியும். இரண்டாம் பாகம் தொடக்கத்திலேயே பல காவலர்களை ஒருசேர ஏவிவிடுகிறது. ஒருவரையொருவர் அளந்து பார்க்கும் வாள் சண்டை இங்கே நெரிசலாகிறது. வெட்டுண்ட எலும்புக்கூடு மறுபடி எழுகிறது. இறுதியில் இளவரசன் தன் உடலை விட்டு நிழலாக வெளியேற வேண்டும். அதற்கு இப்புறமும் அப்புறமுமாகப் பலமுறை திரும்ப வேண்டும். தன் உயிரைச் செலவிட்டு நிழலாவது ஆழமான கற்பனைதான். ஆனால் அந்த விடையை நோக்கி முந்தைய கட்டங்கள் எதுவும் ஆடுபவரைத் தயார் செய்யவில்லை. பாடத்தில் வராத கேள்வியைத் தேர்வில் கேட்பது போன்றது இது.

இரண்டாவது, இடம். முதல் ஆட்டத்தில் ஒரே அரண்மனை. அடியிலிருந்து உச்சிக்கு ஏறுவதே கதை. சிறையின் இருண்ட கல்லும் மேல்தளத்தின் அழகிய சுவர்களும் மாறி மாறி வந்தாலும் தான் எங்கே போகிறோம் என்பது ஆடுபவருக்கு எப்போதும் தெரியும். இரண்டாம் பாகத்தில் இடங்கள் கண்ணைக் கவர்கின்றன. ஆனால் ஓர் இடத்திலிருந்து மறு இடத்துக்குக் கம்பளம் கொண்டுபோய் விடுகிறது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தில் கொல்லிமலை ஏறுகிறவர் நடந்து ஏறுகிறவரைவிட வேகமாக நிறைய காட்சிகளைப் பார்க்கிறார். மலையின் உயரம் நடந்தவருக்கே தெரியும்.

மூன்றாவது, கதை. முதல் ஆட்டத்தில் கதையும் செயலும் ஒன்று. நிழலுடன் இணைவது கதையின் திருப்பம், அதைச் செய்வது ஆடுபவர். இரண்டாம் பாகத்தில் பிறப்பு ரகசியம் முதலிய பெரிய செய்திகள் காட்சிகளாகக் காட்டப்படுகின்றன, ஆடுபவர் கைகட்டிப் பார்க்கிறார். இதற்கு முக்கியமான விதிவிலக்கு ஒன்று உண்டு. கோயிலில் நிழலுருவான இளவரசன் சுடரை ஏந்தும்போது அதுவரை எதிர்த்த பறவைத்தலைக் காவலர்கள் மண்டியிடுகிறார்கள். அந்த ஒரு கணத்தில் இரண்டாம் பாகம் முதல் ஆட்டத்தின் உயரத்தைத் தொடுகிறது.

நினைவின் பங்கு

முதல் ஆட்டத்தைப் போற்றுபவர்கள் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று ஒப்பிட வேறு ஆட்டங்கள் அதிகம் இல்லை. கணினியில் அமரும் நேரமே அரிதாகக் கிடைத்தது. அரிதாகக் கிடைத்தது இனிக்கும். பல கட்டங்களை முடிக்காமலே விட்டவர்கள்தான் அதிகம். நிழலுடன் இணையும் காட்சியைத் தாமே கண்டவர்கள் குறைவு. எனவே அவர்கள் நேசித்தது ஆட்டத்தையா, தம் இளமையையா என்ற கேள்வி நியாயமானது.

ஆனால் நினைவு மட்டுமே காரணம் என்றால் அக்காலத்தில் ஆடிய எல்லா விளையாட்டுகளும் அதே மதிப்புடன் நின்றிருக்க வேண்டும். அப்படி நிற்கவில்லை. அக்காலத்தை அறியாத இன்றைய மாணவர் ஒருவர் முதல் ஆட்டத்தைத் திறந்தாலும் சில நிமிடங்களில் விளிம்புக்கு முன் நின்று அடியை எண்ணத் தொடங்கிவிடுவார். அந்த எச்சரிக்கை உணர்வை உருவாக்குவது ஆட்டத்தின் விதி. ஆடுபவரின் வயதுக்கு அதில் பங்கில்லை.

பின் வந்தவை

இரண்டாம் பாகம் சூனியக்காரி ஒருத்தியைக் காட்டி, தொடரும் என்ற குறிப்புடன் முடிந்தது. அந்தக் கதை தொடரவில்லை. 2003-ல் யூபிசாஃப்ட் நிறுவனம் ‘தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ (காலத்தின் மணல்) என்ற ஆட்டத்தை வெளியிட்டது. மெக்னர் அதன் கதையை எழுதினார். அது இந்தியாவில் ஒரு மகாராஜாவின் அரண்மனையைப் பாரசீகப் படை சூறையாடுவதில் தொடங்குகிறது. அங்கே கிடைக்கும் மந்திரக் கத்தியால் இளவரசன் காலத்தைச் சற்றுப் பின்னோக்கித் திருப்பலாம். தவறி விழுந்தவன் விழாத கணத்துக்கு மீள்கிறான். ஆனால் கத்தியில் மணல் உள்ளவரைதான் அது முடியும்.

முதல் ஆட்டத்தின் இதயம் திரும்பாத காலம். அதையே எடுத்து, திரும்பினால் என்ன ஆகும் என்று கேட்டது காலத்தின் மணல். பழைய கதையின் ஒரு பாத்திரத்தையும் தொடராமலே அதன் மையக் கேள்வியைத் தொடர்ந்தது. அவ்வகையில் முதல் ஆட்டத்தின் உண்மையான வாரிசு அதுவே.

மெக்னர் தொலைத்துவிட்டதாகக் கருதிய முதல் ஆட்டத்தின் மூல நிரல் 2012-ல் அவருடைய தந்தையின் வீட்டில் பழைய பெட்டியில் கிடைத்தது. அதை அவர் அனைவரும் படிக்கும்படி இணையத்தில் வெளியிட்டார். ஆட்டம் உருவான ஆண்டுகளின் நாட்குறிப்புகளும் நூலாக வந்துள்ளன.

மதிப்பீடு

‘நிழலும் சுடரும்’ தோல்வியடைந்த ஆட்டம் அல்ல. அதன் தொடக்கமும் சுடரை ஏந்தும் கணமும் தனித்து நிற்பவை. முதல் ஆட்டம் இல்லாதிருந்தால் அது தன் காலத்தின் சிறந்த ஆட்டங்களில் ஒன்றாகக் கொண்டாடப்பட்டிருக்கக்கூடும். அதன் குறை, வெற்றிபெற்ற ஒன்றைத் தொடர்வதென்றால் எல்லாவற்றையும் கூட்டுவது என்று எண்ணியதில் இருக்கிறது. எதிரிகள், இடங்கள், நிமிடங்கள், கதை அனைத்தும் கூடின. இளவரசனின் ஓட்டமும் தாவலும் ஏறக்குறைய பழையபடியே இருந்தன. ஓரடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் ஆடுபவர் செய்ய வேண்டிய தீர்மானத்தின் எடை மட்டும் குறைந்துபோனது.

முதல் ஆட்டத்தில் இடமில்லாததால் நிழல் பிறந்தது. இரண்டாம் பாகத்தில் இடம் இருந்தது, அதே நிழல் பல அலங்காரங்களில் ஒன்றானது. இரண்டையும் ஆட விரும்புபவர் முதல் ஆட்டத்தைப் பன்னிரண்டாம் கட்டம் வரையேனும் ஆடிவிட்டு இரண்டாம் பாகத்துக்குப் போவது நல்லது. வாளை உறையிலிட்ட அனுபவம் உள்ளவருக்கே, காவலர்கள் மண்டியிடும் காட்சியின் பொருள் முழுமையாக விளங்கும்.