தழும்பும் தாலுகாவும்

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் உள்ள டர்பனை அடைந்தது. அது முதல் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியல்களில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், அங்க அடையாளம் என்று கட்டம் கட்டமாக எழுதிவைத்தார்கள். கரும்புத் தோட்டத்துக்காக எழுதிய ஆள்கணக்கு. பரிவுக்கு அதில் இடமில்லை. ஆனாலும் பூர்வீகம் தேடும் கொள்ளுப்பேரனுக்கு, குடும்பக் கதையைவிட இந்த வறண்ட கணக்கையே நான் சிபாரிசு செய்வேன். கதை பெரும்பாலும் ‘மெட்ராஸ்’ என்பதோடு நின்றுவிடும்; அது கப்பல் ஏறிய இடம்தான். பட்டியலோ தென்னாற்காடு, கள்ளக்குறிச்சி என்று கீழே இறங்கும்.

காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் கிறுக்கிய குமாஸ்தாவிடம் மூங்கில்துறைப்பட்டு போன்ற நீளப் பெயர் என்ன பாடு பட்டிருக்கும் என்று கேட்கலாம். நியாயம்தான். ஊர்ப்பெயர் சிதைந்தாலும் தாலுகா பெரும்பாலும் பிழைத்துவிடும். அதன் ஊர்களை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் ஒலி பொருந்துபவை சிலவே மிஞ்சும். பெயரையே மாற்றிச் சொன்னவர்கள்? இருந்திருப்பார்கள். ஆனால் முழங்கால் தழும்பை மாற்றிச் சொல்ல முடியாது. கூலிக்குக் கொடுத்த எண்ணும் பிற்காலப் பதிவுகளில் கூடவே வரும். தேடுபவர் தடுமாறுவது வேறிடத்தில்: 1993 வரை தென்னாற்காட்டில் இருந்த மூங்கில்துறைப்பட்டு, பிறகு விழுப்புரம் மாவட்டம், 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம்.