ஜால்ரா அல்லாத தாளம்

'தாளம்' என்கிற சொல்லை நாம் இரண்டு பொருளில் புழங்குகிறோம். காலத்தின் அளவு ஒன்று. அந்த அளவைக் காட்டும் உலோகத் தட்டுகள் இன்னொன்று. அதே தட்டுகளுக்கு 'ஜால்ரா' என்றும் பெயர் உண்டு. அந்தப் பெயர் மேடையை விட்டு இறங்கி, அரசியலுக்குள் வந்து, வசவாகிவிட்டது. 'அவன் சும்மா ஜால்ரா போடுறான்யா' என்றால் அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. தாளம் காட்டுவதும் தலைவனுக்கு ஆமாம் போடுவதும் ஒன்றுதான் என்கிற தீர்ப்பு நம் மொழிக்குள்ளேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தீர்ப்பைக் கேள்விக்குள்ளாக்குகிற ஒரு தட்டைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் டிரம்மர் டோனி வில்லியம்ஸ் (1945–1997) அறுபதுகளில் மைல்ஸ் டேவிஸ் குழுவில் வாசித்த 22 அங்குல ரைட் சிம்பல் அது.

ஒரு டிரம்மர் எந்தத் தட்டை வைத்து வாசித்தார் என்பதில் விமர்சனத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கருவியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் சந்தைப் பேச்சாகவே இருக்கிறது. இறந்துபோன கலைஞனின் தட்டை அச்சாக நகலெடுத்து விற்கிறார்கள், வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நான் அதைப் பேசவில்லை. கருவியைத் தேர்வதும் அடுக்குவதும் ஒரு நிலைப்பாடு. யாருக்காக, யார் காலத்தைப் பிடித்துக் கொடுப்பது என்கிற கேள்விக்கு அது ஒரு பதில். இதுதான் என் வாதம்.

கொஞ்சம் வரலாறு. ஜாஸின் ஆரம்ப காலங்களில் தாளத்தின் பாரம் பேஸ் டிரம்மின் மீது இருந்தது. காலால் மிதித்து, நடனமாடுகிறவர்களுக்கு அடிக்கு அடி எண்ணிக் கொடுப்பதுதான் டிரம்மரின் வேலை. கவுன்ட் பேஸி குழுவின் ஜோ ஜோன்ஸ் முப்பதுகளில் அந்தப் பாரத்தை ஹை-ஹாட்டுக்கு மாற்றினார். காலால் மிதித்தால் ஒன்றோடொன்று மூடிக்கொள்ளும் இரண்டு தட்டுகள் அவை. அதற்குப் பிறகு வந்த கென்னி கிளார்க் தாளத்தை மேலே தொங்கும் ரைட் சிம்பலுக்கு ஏற்றினார். கால் விடுதலையானது. எதிர்பாராத இடத்தில் பேஸ் டிரம் வெடித்தது. போர்க்காலமாதலால் அந்த அடிகளுக்குக் 'குண்டு' என்றே பெயர் வந்தது. தாளத்தைக் கலைக்கிறான் என்று கிளார்க்கை வேலையை விட்டு அனுப்பிய டெடி ஹில்லே, பிறகு ஹார்லெமில் மின்டன்ஸ் பிளேஹவுஸ் விடுதியின் பொறுப்புக்கு வந்தபோது அவரைக் கூப்பிட்டு வாசிக்க வைத்தார். பீபாப் அங்கேதான் உருத்திரண்டது. தாளம் தோலிலிருந்து உலோகத்துக்குப் போனதை வெறும் ஒலி மாற்றமாகப் பார்க்க முடியாது. கீழே நின்று சுமந்தவன் மேலே வந்து பேச ஆரம்பித்தான் என்பதாகவே எனக்குப் படுகிறது.

இனி வில்லியம்ஸின் தட்டு. செம்பு எண்பது பங்கு, வெள்ளீயம் இருபது பங்கு சேர்ந்த வெண்கலம். இஸ்தான்புல் பட்டறையில் கையால் சுத்தி கொண்டு தட்டி உருவாக்கிய 'கே ஸில்ஜியன்' வகை. ஸில்ஜியன் என்பது கான்ஸ்டான்டிநோபிளில் 1623இல் தட்டு செய்யத் தொடங்கிய ஆர்மேனியக் குடும்பம். அதன் ஒரு கிளை 1929இல் அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் தொழிற்சாலை தொடங்கியது. வில்லியம்ஸ் வளர்ந்தது அதற்குப் பக்கத்திலிருந்த பாஸ்டன் நகரில். ஆனாலும் அவர் கை இஸ்தான்புல் தட்டையே தேடிப் போனது.

காரணம் ஒலியில் இருக்கிறது. குச்சி நுனி தட்டில் படும்போது முதலில் ஒரு சொடுக்கு, பிறகு ஒரு பரவல். வேகமாக வாசிக்க வாசிக்கப் பரவல் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து சொடுக்கை மூடிவிடும். தனித்தனி அடிகள் போய் ஒரே இரைச்சல் மிஞ்சும். வில்லியம்ஸ் எடுத்துக்கொண்டதோ வறண்ட, இருண்ட தட்டு. பரவல் அடங்கியே இருக்கும், எவ்வளவு வேகத்திலும் ஒவ்வொரு அடியும் தன் முகத்தோடு கேட்கும். கூடவே, அறுபதுகளில் அவர் வைத்திருந்தது 18 அங்குலச் சின்ன பேஸ் டிரம். அது பூமியை அதிரவைக்காது, மேலே இருக்கிற தட்டோடு பேச்சுக் கொடுக்கும். மொத்த அடுக்கும் சொல்வது ஒன்றுதான்: என் அடிகள் பின்னணி இல்லை, ஒவ்வொன்றாகக் கேள்.

இதை 'ஆப்பிரிக்க ரத்தத்தில் ஊறிய தாளம்' என்று வெள்ளை விமர்சன மரபு நீண்டகாலம் எழுதிவந்தது. பாராட்டுபோலத் தெரியும், உள்ளே விஷம். ரத்தத்தில் இருந்தால் சிந்தனை தேவையில்லை, பயிற்சி தேவையில்லை, தேர்வு தேவையில்லை. பாஸ்டனில் ஆலன் டாசனிடம் சிறுவனாகப் பாடம் கேட்டவர் வில்லியம்ஸ். முன்னோடிகள் ஒவ்வொருவரின் கைமுறையையும் படித்துப் பார்த்தவர். ஆர்மேனியர்கள் துருக்கியில் செய்த ஒரு பண்டத்தை எடுத்து இன்னொரு வரலாற்றைப் பேச வைத்தது மூளை. ரத்தம் என்று சொல்லி அந்த மூளையை மறைக்கிறார்கள்.

மைல்ஸ் குழுவில் 1963இல் சேர்ந்தபோது அவருக்கு வயது 17. மறுவருடம் பிப்ரவரி 12 அன்று நியூயார்க் ஃபில்ஹார்மானிக் அரங்கில் ஒரு கச்சேரி. மிசிசிப்பியிலும் லூசியானாவிலும் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் இயக்கத்துக்கு நிதி திரட்டுவதற்காக நடந்தது. அன்று வாசித்த வேகமான உருப்படிகள் 'ஃபோர் அண்ட் மோர்' என்ற இசைத்தட்டாக 1966இல் வந்தன. அதில் 'சோ வாட்' கேளுங்கள். 1959இல் நிதானமாக நடந்த அதே உருப்படி இங்கே தலைதெறிக்க ஓடுகிறது. ஓட்டத்தை இழுத்துச் செல்வது அந்தத் தட்டு. டிரம்பெட் ஒரு வாக்கியத்தை முடிக்கும் முன்பே தட்டு குறுக்கிடுகிறது, ஒத்துக்கொள்ள மறுக்கிறது, சட்டென்று மௌனமாகி டிரம்பெட்டைத் தனியாக நிற்க விடுகிறது.

மைல்ஸ் தன் சுயசரிதையில் (1989) அன்றைய இரவைப் பற்றி ஒன்று சொல்கிறார். கூலி வாங்காமல் வாசிப்பது என்று முடிவாகியிருந்தது. குழுவில் சிலருக்கு அதில் கோபம். அந்தப் பணம் அவர்களுக்குத் தேவையாக இருந்தது. கோபத்தோடு மேடை ஏறினார்கள், அதுவே வாசிப்புக்கு நெருப்பானது என்கிறார்.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிற்கவேண்டும். லட்சியம் சரியானது, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதே கோடையில் மிசிசிப்பியில் அந்த இயக்கத்தின் இளைஞர்கள் மூவர் கொலை செய்யப்பட்டார்கள். விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. ஆனால் லட்சியத்துக்காகத் தானம் செய்யப்பட்டது பக்கவாத்தியக்காரனின் கூலியும்தான். புகழ் பெற்றவருக்கு ஒருநாள் கூலி போனால் ஒன்றும் ஆகாது, பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு ஆகும். இயக்கங்களில் இருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. சுவரொட்டி ஒட்டுகிறவன் சாப்பிட்டானா என்று எந்தத் தீர்மானத்திலும் எழுதுவதில்லை. அந்தத் தட்டில் கேட்பது இந்தக் கோபம்தான் என்று நான் சாதிக்க வரவில்லை. ஒலி வாக்குமூலம் ஆகாது. ஆனால் விடுதலைக்கான ஒரு மேடையிலேயே தலைமைக்கும் பக்கவாத்தியத்துக்கும் இடையே தீராத ஒரு வழக்கு இருந்தது. அந்த மேடையில் தட்டு ஆமாம் போடவில்லை. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் நாம் அதைக் கேட்கவேண்டும்.

இந்த வழக்கு 1967இல் பதிவான 'நெஃபர்டிடி'யில் தலைகீழாகிறது. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்கின்றன. தனி ஆவர்த்தனம் எடுப்பதே இல்லை. மாறிக்கொண்டே இருப்பது கீழே: பியானோ, பேஸ், எல்லாவற்றுக்கும் மேலாக டிரம்ஸ். முன்னே நிற்பவர்கள் தாளம் காட்ட, பின்னே இருப்பவன் பாடுகிறான். முதலில் தட்டு முணுமுணுக்கிறது, பிறகு வாதாடுகிறது, கடைசியில் மெட்டையே மூழ்கடித்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. 'மையம் உடைந்தது', 'விளிம்பு மையமானது' என்று நம்மில் பலர் உடனே கைதட்டிவிடுவோம். எனக்கும் கை அரித்தது.

ஆனால் இசைத்தட்டின் உறையைத் திருப்பிப் பாருங்கள். மேலே மைல்ஸின் பெயர். அந்த உருப்படியை இயற்றியவர் என்ற இடத்தில் சாக்ஸபோன் வாசித்த வேன் ஷார்ட்டரின் பெயர். சட்டத்தின் கண்ணில் மெட்டுதான் படைப்பு, டிரம்மர் அன்று அடித்தது படைப்பல்ல. உரிமைத்தொகை மெட்டுக்குப் போகும். அதே இசைத்தட்டில் 'ஹேண்ட் ஜைவ்' வில்லியம்ஸ் இயற்றியதுதான், அதற்கு அவர் பெயர் இருக்கிறது. ஆனால் 'நெஃபர்டிடி'யை 'நெஃபர்டிடி' ஆக்கிய கைகளுக்கு அந்த வரியில் இடமில்லை. ஆகவே, வடிவத்தில் நடந்த கலகம் கணக்குப் புத்தகத்தில் நடக்கவில்லை. வடிவம் உடைந்தாலே அதிகாரம் உடைந்துவிட்டது என்று எழுதிக்கொண்டிருக்கும் நமக்கு இது உறைக்கவேண்டும்.

1969இல் வில்லியம்ஸ் மைல்ஸை விட்டு விலகி, 'லைஃப்டைம்' என்று சொந்தக் குழு தொடங்கினார். மின்கிதார், ஆர்கன், காதைப் பிளக்கும் சத்தம். பின்னாளில் 18 அங்குல பேஸ் டிரம் போய் 24 அங்குலம் வந்தது. 'ராக்குக்கு விலை போய்விட்டான்' என்று ஜாஸ் தூய்மைவாதிகள் புலம்பினார்கள். பழைய தட்டின் அந்த நுணுக்கமான உரையாடலில் கொஞ்சம் இந்தச் சத்தத்தில் காணாமல் போனது உண்மைதான், நானும் அதை இழப்பாகவே உணர்கிறேன். ஆனால் புலம்பியவர்கள் யாரும் கேட்காத ஒன்று உண்டு. அவர் யாருடைய பக்கவாத்தியமாக இருந்திருந்தால் இவர்களுக்குத் திருப்தியாக இருந்திருக்கும்? 'டோனி வில்லியம்ஸ் லைஃப்டைம்' என்ற குழுவின் பெயரில் முதலில் வருவது டிரம்மரின் பெயர். அந்த இடத்துக்கு வருவதற்கு அவர் கொடுத்த விலையில் அந்தச் சத்தமும் அடக்கம்.

நண்பர்களோடு 'ஃபோர் அண்ட் மோர்' கேட்கும்போதெல்லாம் யாராவது ஒருவர், 'டிரம்பெட்டைக் கேக்கவே விட மாட்டேங்கறானே இந்த ஆளு' என்று சொல்லிவிடுவார். சொல்லட்டும். அடுத்த தடவை டிரம்பெட்டை விட்டுவிட்டுத் தட்டை மட்டும் கேட்கச் சொல்வேன். பக்கவாத்தியத்தின் பக்கத்திலிருந்து கேட்டால் தலைவரின் வாசிப்பும் வேறாகத்தான் கேட்கிறது. எதிர்த்துப் பேச ஒருவன் பக்கத்தில் இருக்கிறான் என்று தெரிந்த மனிதனின் வாசிப்பு அது.