கள்ளுண்ணாமையும் மதுவிலக்குச் சட்டமும்

மதுவிலக்கைப் பற்றிப் பேச எழும் தமிழர் எவரும் முதலில் துணைக்கு அழைப்பது வள்ளுவரையே. திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமை, சட்டத்தால் மதுவை ஒழிக்க வேண்டும் என்பார்க்கு அசைக்க முடியாத சான்றாக எடுத்துக்காட்டப் பெறுகின்றது. வள்ளுவர் கள்ளை வெறுத்தார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆயினும் வெறுத்தல் வேறு. அரசாணையால் தடுத்தல் வேறு. முன்னதைச் சொன்ன நூல் பின்னதையும் சொல்கின்றதா என்பதை நூலைக் கொண்டே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

குஜராத்தில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இஃது ஏட்டுச் சிக்கல் மட்டுமன்று. 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தை இம்மாநிலம் 1960இல் தான் பிறந்தபோதே உடன் பெற்றது. அரசே மதுக்கடை நடத்தும் தாயகத்தையும், மதுவை விலக்கிய இம்மண்ணையும் ஒருங்கே அறிந்தவர்கள் நாம். எனவே இரண்டையும் நடுவுநிலையில் நின்று நோக்கும் வாய்ப்பு நமக்கு உண்டு.

சங்கப் பாடல்களில் கள்

சங்கப் புலவர் கள்ளை இழிவாகக் கருதவில்லை. அதியமான் மறைந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல் புறநானூற்றின் ஒப்பற்ற செல்வங்களுள் ஒன்று. அப்பாடலில் அதியனின் அன்புக்கு முதல் அடையாளமாக அவர் நினைவுகூர்வது, கள் சிறிதளவே கிடைத்தபோதும் மிகுதியாகக் கிடைத்தபோதும் அவன் நடந்துகொண்ட முறையைத்தான். கள் அங்கே போதைப் பொருளாக நிற்கவில்லை. பகிர்ந்துண்ணும் பண்பின் அளவுகோலாக நிற்கின்றது. காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தை விரிக்கும் பட்டினப்பாலை, அந்நகரில் பறந்த பலவகைக் கொடிகளுள் கள் விற்கும் கடையின் கொடியையும் கூச்சமின்றிச் சேர்த்துக் கூறுகின்றது. மறைவில் நடந்த வாணிகத்துக்குக் கொடி எதற்கு?

இந்த மரபுக்கு எதிராக நின்றே வள்ளுவர் பேசுகின்றார். ஊரார் அனைவரும் வெறுத்த ஒன்றை அவரும் வெறுத்தார் என்று கொள்வது அவருடைய துணிவைக் குறைத்து மதிப்பிடுவதாகும். புலவரும் புரவலரும் ஒருங்கே போற்றிய ஒன்றை அவர் தனித்து நின்று மறுத்தார் என்பதே வரலாற்று உண்மை.

அதிகாரத்தின் இருப்பிடம்

கள்ளுண்ணாமை நூலில் எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பது கருதத்தக்கது. புலால் மறுத்தலை வள்ளுவர் அறத்துப்பாலில் வைத்தார். பரிமேலழகர் வகுப்பின்படி அது துறவறத்தின் பகுதி. கள்ளுண்ணாமையையோ பொருட்பாலில், வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் இடையே நிறுத்தினார். சூதினை அடுத்து வரும் அதிகாரம் மருந்து.

பொருட்பாலில் வைத்தமையாலேயே இஃது அரசன் குடிகள்மீது செலுத்த வேண்டிய ஆணை என்று சிலர் வாதிடுவர். அவ்வாதம் முதற்குறளிலேயே தடுமாறுகின்றது. கள்மேல் வேட்கை கொண்டோர்க்கு நேரும் முதற்கேடாக வள்ளுவர் சொல்வது, பகைவர் அவர்க்கு அஞ்சார் என்பது. பகைவர் அஞ்ச வேண்டிய நிலையில் இருப்பவன் உழவனோ நெய்பவனோ அல்லன்; அரசனும் அவனைச் சார்ந்த படைத்தலைவரும் அமைச்சருமே. ஆகவே அதிகாரத்தின் முதல் அறிவுரை ஆள்வோனுக்கே உரியது. ‘குடிகளைக் குடிக்கவிடாதே’ என்று அது தொடங்கவில்லை. ‘நீ குடியாதே’ என்றே தொடங்குகின்றது.

சொன்னவையும் சொல்லாதவையும்

பத்துக் குறள்களையும் ஒருசேர நோக்கினால், அவற்றின் படைக்கலம் தண்டனை அன்று, நாணம் என்பது விளங்கும். சான்றோரால் மதிக்கப்பட வேண்டாதவன் வேண்டுமானால் குடிக்கட்டும் என்கின்றார் ஆசிரியர். பெற்ற தாயின் முன்னும் குடிமயக்கம் துன்பம் தருவதாயின் சான்றோர் முன் எப்படி என்று கேட்கின்றார். நாண் என்னும் நல்லாள் குடிப்பவனுக்குப் புறங்காட்டிச் செல்வாள் என்கின்றார். விலை கொடுத்து மெய்ம்மறதியை வாங்கும் அறியாமையைச் சுட்டுகின்றார். மறைந்து குடிப்பவனை ஊரார் உள்ளறிந்து நகுவர் என எச்சரிக்கின்றார். தெளிந்திருக்கும் வேளையில் பிறன் மயங்கிக் கிடப்பதைக் காணும்போது தன் நிலையை நினையானோ என்ற வினாவோடு முடிக்கின்றார்.

கள்ளின் இன்பத்தை அறியாத வறட்டு நெஞ்சர் அல்லர் வள்ளுவர். காமத்துப்பாலில் காதலின் களிப்பைக் கூறப் புகுந்தபோது அவர் மீண்டும் மீண்டும் ஒப்புமைக்கு எடுப்பது கள்ளையே. நினைத்தாலே களிப்பதும் கண்டாலே மகிழ்வதும் கள்ளுக்கு இல்லை, காமத்துக்கே உண்டு என்று அவர் நிறுத்துக் காட்டுகின்றார். பகைவனின் வலிமையை அளந்தறிந்தே அவர் போருக்கு வந்துள்ளார்.

இனி, அவர் சொல்லாதவற்றைக் காண்போம். அதிகாரம் முழுவதிலும் கள் இறக்குவோன் இல்லை, விற்போன் இல்லை, தடுக்கும் அரசனும் இல்லை. மறதியால் நேர்ந்த விடுபாடு என்று இதனைத் தள்ள இயலாது. உண்பவர் இல்லையேல் விலைக்கு ஊன் தருவாரும் இரார் என்று புலால் மறுத்தலில் வாணிகத்தின் அடிப்படையையே எடுத்துரைத்தவர் அவர். கொடியோரைக் கொலைத்தண்டத்தால் ஒறுத்தல் பயிருக்குக் களை எடுப்பது போன்றது என்று செங்கோன்மையில் தண்டனையைத் தயங்காமல் கூறியவரும் அவரே. வாணிகத்தையும் தண்டத்தையும் நன்கறிந்த ஒருவர் கள்ளைப் பற்றிப் பேசும்போது இரண்டையும் வெளியே நிறுத்திவிட்டுக் குடிப்பவனோடு மட்டும் பேசுகின்றார் எனின், அதை வேண்டுமென்றே செய்தார் என்றே கொள்ள வேண்டும்.

சாதுவன் காட்டிய வழி

மணிமேகலையின் ஆதிரை பிச்சையிட்ட காதை இவ்வாராய்ச்சிக்கு ஒளி தருவது. கலம் உடைந்து நாகர் தீவில் ஒதுங்கிய சாதுவனுக்கு, நாகர் தலைவன் கள்ளும் ஊனும் நங்கையும் தந்து விருந்தோம்ப முற்படுகின்றான். சாதுவன் மறுக்கின்றான், மறுத்ததற்குக் காரணமும் உரைக்கின்றான். தலைவன் அவ்வறத்தின் மேன்மையை உணர்ந்தும், கள்ளையும் ஊனையும் விட்டுத் தன் மக்கள் உயிர்வாழ இயலாது என்று வெளிப்படையாகக் கூறி, தங்களால் இயன்ற அறத்தைச் சொல்லுமாறு வேண்டுகின்றான்.

அப்போது சாதுவன் செய்ததைக் கருத வேண்டும். அவன் சினக்கவில்லை; முழு அறத்தையும் ஏற்றாக வேண்டும் என்று வற்புறுத்தவும் இல்லை. கலம் கவிழ்ந்து கரை சேர்வோரைக் கொல்லாது காத்தலையும், மூத்து இறக்கும் விலங்குகளையன்றிப் பிற உயிர்களுக்குத் தீங்கு செய்யாமையையும் அவர்களுக்குரிய அறமாக வகுத்துத் தருகின்றான். கள்ளை மறுக்கும் கொள்கையில் சிறிதும் தளராத சாத்தனார், பிறர்மேல் அதனைச் சுமத்தும் இடத்தில் பெருமூச்சு விடும் அளவுக்கு இடம் தருகின்றார். எந்தத் தீமையை முதலில் தடுக்க வேண்டும் என்பதற்கு அவர் தரும் விடை, உயிர்க்கொலை என்பதே.

சட்டம் நடந்த பாதை

இந்நூற்பொருளை நடைமுறையோடு ஒப்பிடுவோம். இராஜாஜி 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தார். இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி வந்தது. 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு ஆயிற்று. 1971இல் அது தளர்த்தப்பட்டது. மீண்டும் கொணரப்பட்டு, மீண்டும் நீக்கப்பட்டது. 2003இல் சில்லறை விற்பனையையே அரசு நிறுவனம் ஏற்றது. மதுவிலக்கின் இழப்பை நிரப்பப் பிறந்த விற்பனை வரி, மதுவிலக்கு மறைந்த பின்னும் வாழ்ந்தது.

விலக்கிய மாநிலத்திலும் நச்சுச் சாராயம் நின்றபாடில்லை. 2009இல் அகமதாபாத்தில் நூற்றுக்கு மேற்பட்டோரும், 2022இல் போட்டாட் பகுதியில் நாற்பதுக்கு மேற்பட்டோரும் மாண்டனர். ‘தடை நீங்கினால் கள்ளச்சாராயம் ஒழியும்’ என்பாரும் வெல்லவில்லை. அரசுக் கடைகள் திறந்திருந்த தமிழகத்தில், 2024இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். கள்ளுண்பார் நஞ்சுண்பார் என்ற வள்ளுவரின் உவமை, மெத்தனால் கலந்த சாராயத்தில் உவமையாக நில்லாமல் உண்மையாகிவிட்டது. இறந்தோர் பெரும்பாலும் அன்றாடக் கூலிகள். மலிவான சரக்கையே நாடும் வறுமை இரு மாநிலங்களுக்கும் பொது.

2016இல் முழு மதுவிலக்கைக் கொணர்ந்த பீகார், குடித்தவனையே சிறையில் இட்டது. வழக்குகள் பெருகியபின், 2022இல் முதன்முறை பிடிபட்டோரை அபராதத்தோடு விடச் சட்டத்தைத் திருத்தியது. ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்து வரலாறு வேறு வகையினது. அறிவொளிப் பாடநூலில் சாராயக் கடையை மூடிய பெண்களைப் பற்றிய ஒரு பாடம் இருந்தது. அதனைப் படித்த தூபகுண்டா ஊர்ப் பெண்கள் 1992இல் தாமும் எழுந்தனர். கிளர்ச்சி பரவி, 1993இல் சாராயமும் 1995இல் எல்லா மதுவும் தடை செய்யப்பட்டன. 1997இல் அத்தடை தளர்ந்தது. பெண்களின் நாவில் பிறந்த ஆணை வலுவோடு இருந்தது. கருவூலத்தின் கணக்கில் அது தேய்ந்தது.

நாணமும் அச்சமும்

வள்ளுவரின் படைக்கலம் நாணம் என்று கண்டோம். முழுத்தடை அந்த நாணத்தை அச்சமாக மாற்றிவிடுகின்றது. ஊரார் நகுவரே என்று ஒளிந்தவன், காவலர் பிடிப்பரே என்று ஒளிகின்றான். பிடிபட்டால் அதனை அவன் தன் இழிவாகக் கருதுவதில்லை. கெட்ட நேரம் என்கின்றான். ஊரும் அவ்வாறே பேசுகின்றது. ஆனால் தெருமுனை தோறும் அரசின் பெயர்ப்பலகையோடு கடை திறந்து வைத்தாலும் நாணம் சாகின்றது. அரசே விற்பதை வாங்குவதில் நாண என்ன இருக்கின்றது? கோலொடு நிற்பவன் குடிகளிடம் பொருள் கேட்பது வேலொடு நிற்பவன் வழிப்பறி செய்வதை ஒக்கும் என்ற நூல், மறதியை விலைக்கு விற்றுக் கருவூலம் நிரப்பும் ஆட்சியைக் கண்டிருந்தால் அதற்கும் ஓர் உவமை தேடியிருக்கும்.

ஏழைக் குடிசையின் தாய்க்கு இவ்விவாதம் இலக்கிய இன்பம் அன்று. கணவனின் கூலி அடுப்புக்கு வருமா, கடைக்குப் போகுமா என்பதே அவள் கவலை. சட்டமே வேண்டா என்று அவளிடம் கூற நமக்கு உரிமை இல்லை. கடைகளைக் குறைக்கவும், கூலி நாளில் அடைக்கவும், ஊர்ப் பெண்கள் மறுக்கும் இடத்தில் கடை திறவாதிருக்கவும், நஞ்சு கலப்போனைக் கடுமையாக ஒறுக்கவும் சட்டம் வேண்டும். நாட்டின் அரசமைப்பின் 47ஆம் பிரிவு மதுவிலக்கை அரசின் குறிக்கோளாக வைத்ததும் பொருளற்றதன்று. ஆனால் குடித்துக் கிடப்பவனைச் சிறைக்கு அனுப்பும் சட்டம், தண்ணீருள் மூழ்கியவனை விளக்கேற்றித் தேடும் செயலே. அந்த உவமையும் வள்ளுவருடையதே. அவனுக்கு வேண்டியது தெளிந்த வேளையில் ஒரு நல்ல சொல்லும், ஒரு மருத்துவரும்.

எனவே கள்ளுண்ணாமையை மதுவிலக்குச் சட்டத்தின் முன்னுரையாகப் படிப்பது பொருந்தாது. மதுவிற்பனைக்கு எதிர்ப்பில்லாத நூலாகப் படிப்பதும் பொருந்தாது. ஆள்வோன் முதலில் தான் விலகட்டும், விற்பனையிலிருந்தும் விலகட்டும், பின்னர் குடிகளின் நாணத்துக்குத் துணை நிற்கட்டும் என்பதே அவ்வதிகாரத்திலிருந்து நாம் பெறும் அரசியல் அறம். சூதுக்கு அடுத்து மருந்தை வைத்த ஆசிரியர், ஒறுப்பதினும் தீர்ப்பதே அரிய செயல் என்பதை அறிந்தவர் என்று கொள்ளலாம்.