கறந்த பால்: கேள்வி கேட்கிறவருக்கே நன்மை

பாக்கெட் பாலை நிறுத்திவிட்டு, தூக்குவாளியோடு மாட்டுக்கொட்டகைக்குப் போகும் குடும்பங்களை இன்று பல ஊர்களின் விளிம்பில் பார்க்கலாம். கண்ணெதிரே கறந்த பால், கலப்படம் கிடையாது, காசும் நேரே விவசாயி கைக்குப் போகிறது என்பது அவர்கள் சொல்லும் நியாயம். இந்தப் பழக்கம் வளர வேண்டும் என்றே நான் விரும்புகிறேன். ஆனால் அதன் நன்மை எங்கே இருக்கிறது என்பதைப் பலரும் தவறாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

விவசாயிக்குக் கிடைக்கும் ஆதாயம் உண்மையானது. 2023 டிசம்பரில் ஆவின் பசும்பாலின் கொள்முதல் விலையை லிட்டருக்கு 35 ரூபாயிலிருந்து 38 ரூபாயாக உயர்த்தியது. புண்ணாக்கும் தவிடும் விற்கிற விலையில் அது போதவில்லை என்பதே மாடு வளர்ப்போரின் குறை. வீட்டுக்காரர் நேரில் வாங்கும்போது பால் கூட்டுறவு சொசைட்டியை விடக் கூடுதலாகவே தருகிறார். சுவையும் வேறு. சமன்படுத்தப்பட்ட பாக்கெட் பாலில் கொழுப்பு 3 சதவீதம்தான். நன்றாகத் தீனி தின்ற பசுவின் பாலில் அது பெரும்பாலும் இதைவிட அதிகம். ஆடை தடித்துப் படிவதும் தயிர் கெட்டியாக உறைவதும் அதனால்தான்.

பாதுகாப்பு என்று வரும்போதுதான் சிக்கல். புதிதாகக் கறந்தது என்பதாலேயே பால் சுத்தமாகிவிடாது. பார்வைக்கு நன்றாக இருக்கும் மாட்டிலும் காசநோய்க் கிருமியோ புருசெல்லா கிருமியோ இருக்கலாம். கறப்பவர் மடியைக் கழுவினாரா, முதல் பீச்சைத் தனியே விட்டாரா, பாலை எதில் ஊற்றினார் என்பதைப் பொறுத்தே சுத்தம் அமைகிறது. பழைய குளிர்பான பாட்டிலில் பால் ஊற்றித் தருவது பல இடங்களில் வழக்கம். அதன் குறுகிய கழுத்துக்குள் பிரஷ் நுழையாது. அடியில் ஒட்டிய நேற்றைய பால் இன்றைய பாலையும் கெடுக்கும்.

நம் வீடுகளில் பாலைக் காய்ச்சும் பழக்கம் இந்த ஆபத்தைப் பெருமளவு தடுக்கிறது. பச்சைப் பாலை அப்படியே குடிப்பதே நல்லது என்ற பேச்சை நம்பி அந்தக் காவலைக் கைவிடுவது மடமை. ஆனால் காய்ச்சினாலும் போகாதவை உண்டு. மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலில் மருந்தின் மிச்சம் சில நாள் இருக்கும். பூஞ்சை பிடித்த புண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் தின்றால் அஃப்ளடாக்ஸின் நச்சு பாலில் இறங்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடெங்கும் 6,432 மாதிரிகளைச் சோதித்தது. பாதுகாப்பைக் கெடுக்கும் கலப்படம் இருந்தவை 12 மட்டுமே. அஃப்ளடாக்ஸின் வரம்பை மீறியவையோ 368. அவற்றில் அதிகம் சிக்கியது தமிழ்நாட்டில். பாக்கெட் பாலும் இதற்கு விலக்கில்லை. நாம் கலப்படத்துக்கு அஞ்சுகிறோம். அஞ்ச வேண்டியது தீவன மூட்டைக்கு.

நேரடிக் கொள்முதலின் உண்மையான வலிமை இங்கேதான். பாக்கெட் வாங்குகிறவர் தீவன மூட்டையைப் பார்க்க முடியாது. மாட்டுக்கு ஊசி போட்டார்களா என்று யாரையும் கேட்க முடியாது. கொட்டகைக்குப் போகிறவருக்கு இரண்டும் முடியும். கேட்காமல் வாங்கித் திரும்புகிறவருக்கு அந்த வலிமை பயன்படுவதில்லை. சொசைட்டியில் நடக்கும் பரிசோதனைகூட இல்லாத பால்தான் அவருக்கு மிஞ்சுகிறது.

இன்னொரு குறை வாங்குகிறவர் பக்கம் இருக்கிறது. சொசைட்டி ஆண்டு முழுவதும், இரண்டு வேளையும் பால் எடுக்கிறது. வீட்டுக்காரரோ ஊருக்குப் போனால் 'நாளைக்குப் பால் வேண்டாம்' என்று சொல்லிவிடுகிறார். மாடு அந்த வேளையும் கறக்கத்தான் செய்யும். சொசைட்டியை விட்டு வந்த விவசாயி அந்தப் பாலை என்ன செய்வார்?

ஆகவே இந்தப் பழக்கத்தை நிபந்தனையோடு ஏற்கலாம். தீவனத்தைப் பாருங்கள். மாட்டுக்கு வைத்தியம் நடக்கும் நாட்களில் பால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த நாட்களுக்கும் பணம் கொடுத்துவிடுங்கள், அப்போதுதான் அவர் மறைக்க மாட்டார். எவர்சில்வர் பாத்திரத்தில் வாங்கி, வீடு வந்ததும் நன்றாகக் கொதிக்க விடுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாக எந்த மாட்டுப் பாலையும் தராதீர்கள். இவ்வளவுக்கும் நேரமில்லை என்றால் பாக்கெட் பாலே உங்களுக்குப் பாதுகாப்பானது.