பள்ளிவாசலும் பீடமும்: இரண்டு வழிபாடுகளில் பெண்ணின் இடம்

மதங்களைப் பெண்ணிய நோக்கில் ஒப்பிட உட்கார்ந்தால் நம் கை முதலில் தேடுவது ஒரு பட்டியலைத்தான். பெண் உள்ளே வரலாமா? எங்கே உட்காரலாம்? தலையை மூட வேண்டுமா? விடைகளைக் கூட்டிக் கழித்து, எந்த மதம் முன்னே, எது பின்னே என்று சொல்லிவிடலாம். வழிபாட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்காமலே தீர்ப்பு எழுத முடிவதுதான் இந்தப் பட்டியலின் கோளாறு. புதுக்கோட்டை மாவட்டத்தில் வாரந்தோறும் நடக்கும் இரண்டு வழிபாடுகளை, கத்தோலிக்கரின் ஞாயிறு திருப்பலியையும் இஸ்லாமியரின் வெள்ளிக்கிழமை ஜும்ஆவையும், வரிசை மாறாமல் முழுதாகக் கவனித்து வாசிக்க முயல்கிறேன். இரண்டும் எனக்குப் பிறப்பால் வந்தவை அல்ல. திருவப்பூர் மாரியம்மனின் பூச்சொரிதலையும் முளைப்பாரியையும் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மாவட்டத்தில் கத்தோலிக்கம் நேற்று வந்ததல்ல. ஆவூரில் இயேசு சபையினர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தளம் அமைத்துவிட்டார்கள். வீரமாமுனிவர் பணியாற்றிய ஊர் அது. ஆனால் இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) வரை திருப்பலி இலத்தீனில்தான் நடந்தது. இன்று அது தமிழில் நடக்கிறது. குரு மக்களைப் பார்த்து நிற்கிறார். ஆணும் பெண்ணும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருக்கிறார்கள். பாடகர் குழுவில் பெண் குரல்களே ஓங்கி ஒலிக்கின்றன. முதல் வாசகம், பதிலுரைப் பாடல், இரண்டாம் வாசகம் ஆகியவற்றைப் பெண்கள் மேடையேறி வாசிக்கிறார்கள். புதிதாகப் பார்க்கும் எவருக்கும் இது பெண்கள் நிறைந்த வழிபாடாகவே தோன்றும்.

அடுத்த நிமிடம் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். நற்செய்தி வாசிக்கும் நேரம். இங்கிருந்து குரல் மாறுகிறது. நற்செய்தியை வாசிப்பதும் அதற்கு மறையுரை தருவதும் திருப்பட்டம் பெற்றவருக்கு உரியவை. திருப்பட்டம் ஆணுக்கு மட்டுமே. எசாயாவை வாசிக்கலாம், பவுலை வாசிக்கலாம், இயேசுவின் சொல்லை வாசிக்கக் கூடாது. ஒரே புத்தக மேடையில், சில பக்கங்கள் தள்ளி, எல்லைக்கோடு விழுகிறது. ஈஸ்டர் ஞாயிறு நற்செய்தியில் கல்லறையில் கல் அகற்றப்பட்டிருப்பதைக் கண்டு, ஓடிவந்து சீடர்களிடம் சொல்பவர் மகதலா மரியா. அந்தச் செய்தியைத் திருப்பலியில் வாசித்துச் சொல்ல எந்த மரியாவுக்கும் உரிமை இல்லை. அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறும் மையச் செயலிலும் பெண் பார்வையாளர்தான். 1994இல் சிறுமியர் பீடப் பணி செய்யலாம் என்று வத்திக்கான் அனுமதித்தது. பெண்களுக்குக் குருத்துவம் வழங்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று போப் இரண்டாம் ஜான் பால் அறிவித்ததும் அதே 1994இல்தான். கதவு திறந்ததும் மூடியதும் ஒரே ஆண்டில்.

ஜும்ஆவின் அமைப்பே வேறு. பீடம் இல்லை, படையல் இல்லை, குருத்துவம் என்ற தனித்தகுதி இல்லை. பாங்கு, தமிழில் பயான், மிம்பரில் ஏறி இமாம் நிகழ்த்தும் இரண்டு குத்பாக்கள், பிறகு இரண்டு ரக்அத் தொழுகை. இமாம் செய்யும் அதே குனிதலையும் சிரம் பணிதலையும்தான் கடைசி வரிசையில் நிற்பவரும் செய்கிறார். இறைவனுக்கும் அடியாருக்கும் நடுவில் ஆள் இல்லை. வடிவத்தில் இதைவிடச் சமத்துவமான வழிபாட்டைக் காண்பது அரிது.

ஆனால் அந்த வரிசையில் பெண் இல்லை. தமிழகத்தின் பெரும்பாலான பழைய பள்ளிவாசல்களில் அவளுக்கு இடமே கிடையாது. தவ்ஹீத் அமைப்புகளின் பள்ளிகளில் பெண்களுக்கு இடம் ஒதுக்குகிறார்கள். நான் உட்கார்ந்து கேட்டதும் அப்படி ஒரு பெண்கள் பகுதியில்தான். இமாமின் முகம் தெரியாது, ஒலிபெருக்கிதான் இமாம். பள்ளிக்கு வரும் பெண்களைத் தடுக்க வேண்டாம் என்ற கருத்துள்ள நபிமொழி இருக்கிறது. ஜும்ஆ பெண்ணுக்குக் கடமை இல்லை என்ற சட்ட விளக்கமும் இருக்கிறது. ஊர் வழக்கம் இரண்டாவதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு முதலாவதை மறந்துவிட்டது. ஆண் பள்ளியில் இரண்டு ரக்அத் தொழும் நேரத்தில், பெண் வீட்டில் லுஹரின் நான்கு ரக்அத்தைத் தொழுகிறாள். இரண்டு ரக்அத் கூடுதலாகவே தொழுகிறாள். தொழுகையில் அவளுக்குக் குறை ஏதுமில்லை. அவளுக்குக் கிடைக்காமல் போவது குத்பா. ஊர் ஒன்றுகூடிக் கேட்கும் பேச்சு.

ஆக, திருப்பலியில் பெண்ணுக்கு இடம் உண்டு, மையச் செயல் இல்லை. தொழுகையில் செயல் முழுதாக உண்டு, இடம் இல்லை. பட்டியல் போட்டு மதிப்பெண் கொடுப்பவர்கள் முதலாவதை முற்போக்கு என்றும் இரண்டாவதைப் பிற்போக்கு என்றும் எழுதிவிடுவார்கள். உள்ளே விட்டதாலேயே உரிமை கொடுத்தாகிவிட்டது என்று நம்பவைப்பது திருப்பலியின் சாமர்த்தியம். வீட்டிலேயே எல்லாம் நிறைவேறுகிறதே, பள்ளிவாசல் எதற்கு என்று கேட்கவைப்பது பள்ளிவாசலின் சாமர்த்தியம்.

அந்தக் கேள்விக்குப் புதுக்கோட்டையிலிருந்தே ஒரு பதில் வந்தது. ஸ்டெப்ஸ் அமைப்பை நடத்திய தாவூத் ஷரீஃபா கானமும் அவருடன் திரண்ட பெண்களும் 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாத்தை உருவாக்கினார்கள். பெண்களுக்கென்று ஒரு பள்ளிவாசல் கட்டப்போவதாகவும் அறிவித்தார்கள். தொழ இடமில்லை என்ற வருத்தத்தைவிட, வந்து குவிந்த வழக்குகளே அவர்களை அங்கே கொண்டு சேர்த்தன. தலாக், வரதட்சணை, அடி உதை, ஜீவனாம்சம் எதுவானாலும் ஊர் ஜமாத்துதான் விசாரிக்கும். ஜமாத்து கூடுவது பள்ளிவாசலில். பெண் உள்ளே போக முடியாததால் அவள் வழக்கை அவள் இல்லாமலே பேசி முடித்தார்கள். தொழுகைக்கான சுவர்தான் நீதிக்கான சுவராகவும் இருந்தது. தீபா தன்ராஜ் 2011இல் எடுத்த ஆவணப்படம் இந்தப் பெண்கள் ஜமாத்தின் விசாரணைகளைப் பதிவு செய்திருக்கிறது. பெண்கள் பேசுகிறார்கள், எதிர்வாதம் செய்கிறார்கள், முடிவுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு மறுக்கப்பட்ட குத்பாவை வேறு வடிவில் அவர்களே நிகழ்த்துவதாகத்தான் எனக்குப் பட்டது.

இந்த விதிகள் மாறாதவை என்பாருக்குச் சான்றுகள் உண்டு. சீனாவின் ஹெனான் மாகாணத்தில் பெண்களுக்கான பள்ளிவாசல்களும் பெண் இமாம்களும் நூறாண்டுக்கும் மேலாக இருக்கிறார்கள். 2018 ஜனவரியில் கேரளத்தின் மலப்புறத்தில் ஜாமிதா என்ற பெண் ஜும்ஆவுக்குத் தலைமை தாங்கினார், மிரட்டல்களும் வந்தன. தென்னிந்தியத் திருச்சபை 2013இல் புஷ்பா லலிதாவைப் பேராயராக்கியது.

பெண் குரல் ஒலித்துவிட்டால் போதுமா என்று கேட்கவும் இதே மாவட்டம் நம்மை நிர்ப்பந்திக்கிறது. நான் வளர்ந்த மரபில் பெண் சாமியாடுகிறாள். ஊரே கைகட்டிக் கேட்கிறது. திருப்பலியும் ஜும்ஆவும் தராத உரிமை அது என்று பெருமைப்படலாம். 2022 டிசம்பரில் இறையூர் அய்யனார் கோயிலுக்குள் தலித் மக்களை மாவட்ட ஆட்சியர் அழைத்துச் சென்றபோது, சாமி வந்து ஆடிய ஒரு பெண் சாதி இழிவு பேசியதாக வழக்குப் பதிவாகிக் கைதானார். உள்ளே அழைத்துச் சென்ற ஆட்சியரும் பெண்தான். அங்கே சாமியின் வாயாகப் பெண் இருந்தாள், பேசியது சாதி.

ஆகவே பட்டியலில் இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்க்க வேண்டும். வழிபாட்டில் ஊருக்குக் கேட்கும்படி பேசுவது யார்? வழிபாடு முடிந்த பிறகு அதே இடத்தில் யாருடைய வாழ்க்கை தீர்மானிக்கப்படுகிறது? ஷரீஃபாவும் தோழியரும் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்கி முதலாவதற்கு வந்தார்கள். திருப்பலி முடிந்து பாடகர் குழுப் பெண்கள் பாட்டுப் புத்தகங்களை அடுக்கி வைக்கும்போது, பங்கின் முடிவுகளை எடுப்பது யார் என்று கேட்கத் தொடங்கினால், அவர்களும் அங்கே வந்து சேர்வார்கள்.